மில் ஓடினால் கேட்கும்

உங்கள் வீடுகளிலும் இது ஆரம்பித்திருக்கும். டிவி சத்தத்தை யார் இவ்வளவு கூட்டியது என்று பிள்ளைகள் கேட்பார்கள். குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பதில் தகராறு வரும். "வாய்க்குள்ளயே பேசினா எப்படிக் கேக்கும்" என்று நாமும் பழியைத் தூக்கி அவர்கள் தலையில் போட்டுவிடுவோம். என் வீட்டில் ஒரு வருஷம் இப்படி ஓட்டினேன். போன மாதம் மகள் பொறுமை இழந்து அடையாறில் ஒரு காது டாக்டரிடம் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டாள்.

கண்ணாடிக் கூண்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். காதில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். பரீட்சைக்குப் பயந்த பிள்ளை மாதிரி, கேட்காததற்கும் இரண்டு தடவை அழுத்தினேன். வெளியே வந்ததும் சோதனை செய்த பெண் படிவத்தைப் பார்த்தபடி, "ஃபேமிலில யாருக்காவது காது பிராப்ளம் இருந்துச்சா மேடம்?" என்றாள். அம்மாவுக்கும் இருந்தது, அப்பாவுக்கும் இருந்தது என்றேன். "ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரியா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொன்னால் அதை விளக்க அரை நாள் ஆகும். எனக்கு அலுப்பாக இருந்தது. தெரியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் தெரியும். உங்களிடம் சொல்லலாம், ஏனென்றால் மாவு மில் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் மில் மயிலாப்பூரில், குளத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு சந்தில் இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில், எனக்குப் பன்னிரண்டு வயது நடந்த சமயம். இரண்டு மிஷின்கள். ஒன்று அரிசி, கோதுமைக்கு. இன்னொன்று மிளகாய், மல்லிக்கு. ஒரே மோட்டார்தான் இரண்டையும் நீளமான பெல்ட் போட்டு ஓட்டும். மாவு விழும் இடத்தில் ஒரு துணிக் குழாய் தொங்கும், அதை அப்பா குச்சியால் தட்டிக்கொண்டே இருப்பார். பல்பின் மேலும் அப்பாவின் புருவத்தின் மேலும் ஒரே நிறத்தில் மாவு படிந்திருக்கும். சூடான மாவின் வாசனை இருக்கிறதே, பாக்கெட் மாவு வாங்குகிற இந்தக் காலத்தில் அதை எங்கே போய்த் தேடுவது?

சத்தத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தரை நடுங்கும். பக்கத்தில் நிற்கிறவரோடு பேசவும் தொண்டை கிழியக் கத்த வேண்டும். அந்தச் சத்தத்தின் நடுவில் அம்மா தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டின்களை வரிசை பார்ப்பாள். டின் வரிசை என்பது எங்கள் மில்லில் பெரிய அரசியல். மாட வீதி மாமி ஒருவர் வாசலிலிருந்தே, "எங்காத்து கோதுமைக்கு முன்னாடி என்ன போட்டேள்? கேழ்வரகுன்னா நான் அப்பறமா வரேன்!" என்று கத்துவார். குப்பத்திலிருந்து மீன்கார அக்கா ஒருத்தி, "எம் மொளவாய இன்னும் போடலியா, இன்னா பண்ணிக்கினு கீற?" என்பாள். அம்மா இருவருக்கும் பதில் சொல்லிவிட்டு, மூன்றாவது ஆளிடம் இடியாப்பத்துக்கா புட்டுக்கா என்று விசாரிப்பாள். ஒரு சொல் தவறாது.

மில்லின் பின்கதவைத் திறந்தால் வீடு. ஒரு கூடம், இரண்டு அறை, ஒரு சமையலறை, சின்ன முற்றம். மதியம் ஒன்றரைக்கு மோட்டாரை நிறுத்துவார்கள், மறுபடி நான்கு மணிக்குத்தான் ஓடும். மோட்டார் நின்றதும் என் காதில் கொஞ்ச நேரம் கொய்ங்கென்று ஓடி அடங்கும். அதன்பின் அம்மாவுக்கு எதுவும் கேட்காது.

முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தம்பி பிறந்த பிறகு கூடிவிட்டது. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். உப்பு கேட்டால் புளியைக் கொண்டுவந்து வைப்பாள். எங்களோடு அப்பாவின் அக்கா இருந்தார், கணவர் போன பிறகு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டவர். அத்தைதான் வைத்தியத்தை ஆரம்பித்தார். நல்லெண்ணெயில் பூண்டு போட்டுக் காய்ச்சி, வெதுவெதுப்பாக அம்மா காதில் ஊற்றினார். ஒரு வாரம் அம்மாவின் தலையணையில் பூண்டு நாற்றம். அப்புறம் தி. நகர் பஸ் ஸ்டாண்டு பக்கம் காது குடைகிற ஆள் ஒருவரிடம் அப்பா கூட்டிப்போனார். காதோரம் கம்பியைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்த அவர், அம்மா காதிலிருந்து உளுந்து அளவுக்கு ஒரு கல்லை எடுத்துக் காட்டினார். கல்லை விரலிடுக்கிலேயே வைத்திருந்திருப்பார் என்று இப்போது தெரிகிறது. அன்று நாங்கள் வாயைப் பிளந்து பார்த்தோம்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. எண்ணெயும் ஊற்றியாயிற்று, கல்லும் எடுத்தாயிற்று. அதற்குப் பிறகும் கேட்கவில்லை என்றால்? மில்லில் மட்டும் காது கூர்மையாக இருக்கிறதே? அத்தை ஒரு முடிவுக்கு வந்தார்.

"செவிடுன்னா ஊரே கேக்கற மாதிரி கத்திப் பேசுவாங்க. இவ பக்கத்துல நிக்கறவளுக்கே கேக்காம பேசறா. எங்கயாவது இப்படி ஒரு செவிடு உண்டா? காசு வர்ற எடத்துல கேக்குது, நான் ஒரு வேலை சொன்னா கேக்கல. ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க."

அம்மா மெதுவாகப் பேசுகிறவள் என்பது உண்மை. பெண் பார்க்க வந்தபோது அந்தக் குரலுக்காகத்தான் அடக்கமான பெண் என்று எல்லோரும் மெச்சினார்களாம். அதே குரல் இப்போது அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. அம்மாவோ வாதாடத் தெரியாதவள். "நான்தான் சரியா கவனிக்கலையோ என்னவோ" என்பாள். தன் காதைத் தானே சந்தேகப்பட்டாள், பாவம். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு ஆறுவதில்லை.

அந்தக் கோடையில் மோட்டார் எரிந்துபோயிற்று. கருகல் நாற்றம், புகை, பிறகு ஒன்றுமில்லை. கருகிய செம்புக் கம்பியை எடுத்துவிட்டுப் புதிதாகக் காயில் கட்டுவதற்காக அதை மீன்பாடி வண்டியில் ஏற்றி ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைக்கு அனுப்பினார் அப்பா. மூன்று நாளில் தருகிறேன் என்ற பட்டறைக்காரர் பத்து நாள் இழுத்தடித்தார். பிறந்ததிலிருந்து எங்கள் வீடு அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. புறாக்கள் ஓட்டின் மேல் நடப்பது கேட்டது. எதிர்வீட்டில் வீணை சுருதி சேர்ப்பது கேட்டது. எனக்குக் கொண்டாட்டம். அம்மா அந்தப் பத்து நாளும் யார் வாயசைந்தாலும் ஓடிவந்து எதிரே நின்றாள்.

அப்போதுதான் அது நடந்தது. ஆண்டுப் பரீட்சை சமயம், மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன். நான் உள்ளே நுழையவும் மாடி வீட்டு அக்கா படியில் தடதடவென்று இறங்கி ஓடிவரவும் சரியாக இருந்தது. கூடத்தில் தூளி முறுக்கிக்கொண்டிருந்தது. பத்து மாதத் தம்பி பாதி உடம்பு வெளியே தொங்க, கழுத்தில் துணி இறுக, நீலம் பாரித்துக் கிடந்தான். அழுது அழுது குரல் கீச்சுக்கீச்சென்று தேய்ந்திருந்தது. அம்மா பத்தடி தூரத்தில், முற்றத்தில், முதுகைக் காட்டி உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா முன்னறையில் பேப்பரோடு படுத்திருந்தார்.

மாடி வீட்டு அக்கா பிள்ளையைத் தூக்கி முதுகில் தட்டினாள். மூச்சு வந்தது. அத்தை கடையிலிருந்து திரும்பிவந்து விஷயத்தைக் கேட்டு மாரில் அடித்துக்கொண்டு அழுதார். அம்மா எல்லோர் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். தூங்கிவிட்டேன் என்று அப்பா சொன்னதை எல்லோரும் ஏற்றுக்கொண்டோம்.

மோட்டார் வந்து மில் ஓடத் தொடங்கிய மறுநாள், அப்பா என்னைத் தராசுப் பக்கம் நிற்கச் சொன்னார். "அம்மா மூஞ்சியையே பாரு" என்றார். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அந்த இரைச்சலில் கத்தினார்:

"உன் தம்பிக்குக் கிண்டில பஸ் மோதிடுச்சாம்!"

அம்மாவின் கையிலிருந்த டின் விழுந்தது. கோதுமை சிதறியது. திரும்பி அப்பாவைப் பார்த்த அந்த முகத்தை விவரிக்க எனக்கு இப்போதும் தெம்பில்லை. என் மாமாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சும்மா சொல்லிப் பார்த்தாராம்.

மதியம் மோட்டார் நின்றது. கூடத்தில் அப்பாவும் அத்தையும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா சுவரோரம் நின்றாள். அப்பா என்னைக் கூப்பிட்டார். "நீதானே பாத்துக்கிட்டு இருந்தே. பொய் சொல்லாம சொல்லு. மில்லுல நான் சொன்னது அம்மாவுக்குக் கேட்டுச்சா இல்லியா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டுச்சு" என்றேன்.

பொய்யில்லையே. கேட்டதுதான். வகுப்பில் உண்மை பேசினால் ஆசிரியை தட்டிக்கொடுப்பாரே, அந்த மாதிரி ஒரு பெருமைகூட எனக்குள் இருந்தது. அப்பா தலையை ஆட்டினார். அத்தை எழுந்து தூளியிலிருந்து தம்பியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"புள்ள உசிரு போற மாதிரி கத்தும்போதே நடிக்கறவ கையில இனிமே புள்ளையைக் குடுக்க மாட்டேன். பால் குடுக்கணும்னா என் எதிர்ல உக்காந்து குடுக்கட்டும்."

அன்றிலிருந்து தம்பி அத்தையின் அறையில்தான். பால் கொடுக்கும் நேரம் மட்டும் அம்மாவிடம் வருவான், முடிந்ததும் போய்விடுவான். ஏன் என்று அம்மா கேட்டதற்கு அப்பா ஏதோ சொன்னார், அது அவளுக்கு முழுதாகக் கேட்டதா என்று தெரியவில்லை. அவள் சண்டை போடவில்லை. பிள்ளையில்லாத தூளியை இரண்டு நாள் அப்படியே தொங்க விட்டிருந்தாள், மூன்றாம் நாள் அவிழ்த்துத் துவைத்து மடித்து வைத்தாள்.

காப்பாற்ற வந்தது குப்பத்திலிருந்து இன்னொரு அக்கா. மீன்கார அக்காவின் நாத்தனார் அவள், அரசாங்க ஆஸ்பத்திரியில் வார்டு வேலை. மோட்டார் இல்லாத பத்து நாளில் ஒரு தடவை மிளகாயோடு வந்து, அம்மாவிடம் பேசிப் பேசிப் பார்த்துவிட்டுப் போயிருந்தாள். மில் ஓடியதும் மறுபடி வந்தாள். அன்று அம்மா அவள் கத்தியதற்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொன்னாள். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அம்மாவையே பார்த்தாள். பிறகு அப்பாவிடம் போனாள்.

"இன்னா நைனா இது? போன தபா மிசினு ஓடல, நான் பேசுனது ஒண்ணுகூட இத்தோட காதுல வுழல. இன்னிக்கு இந்த எரைச்சல்ல எல்லாம் வுழுது."

"அதான் நடிப்புங்கறேன்" என்றார் அப்பா.

"நடிப்பும் இல்ல ஒண்ணும் இல்ல. எங்க வார்டுல ஒரு நர்சம்மாவுக்கும் இப்டித்தான் இருந்திச்சு. பஸ்ஸுல போனா கேக்கும், வூட்டுக்குப் போனா கேக்காது. ஆபரேசன் பண்ணி இப்ப ஷோக்கா கீது. இத்த நாளைக்கே இட்டாந்து காட்டு. நான் டோக்கன் போட்டு வெக்கறேன்."

அப்பா போக நினைக்கவில்லை. நடிப்புதான் என்று டாக்டர் வாயாலேயே சொல்லக் கேட்டால் அம்மாவின் வாயை அடைத்துவிடலாம் என்று அத்தைதான் கிளப்பிவிட்டார். நானும் ஒட்டிக்கொண்டேன்.

டாக்டரம்மா மேஜை டிராயரிலிருந்து இரண்டு கவடு உள்ள ஒரு இரும்பை எடுத்து முழங்கையில் தட்டினார். அது உறுமியது. அம்மாவின் காதுக்கு எதிரே பிடித்தார். அம்மா உதட்டைப் பிதுக்கினாள். அதன் அடிக்காம்பைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் ஊன்றினார். அம்மாவின் கண் விரிந்தது. "கேக்குது" என்றாள், "உள்ள கேக்குது." இன்னும் சில சோதனைகள் நடந்தன. டாக்டரம்மா ஒரு சீட்டின் பின்பக்கம் படம் போட ஆரம்பித்தார்.

"சத்தம் வந்து செவிப்பறையில மோதும். அதுக்குப் பின்னால மூணு எலும்பு. சுத்தி, பட்டடை, அங்கவடின்னு பேரு. ஒண்ணு ஆடினா அடுத்ததும் ஆடும். கடைசி எலும்புதான் உடம்புலயே சின்னது. அரிசியில பாதிகூட இருக்காது."

"நொய்" என்றார் அப்பா. அவருக்குத் தெரிந்த அளவு அது.

"ஆமாங்க, நொய்தான். அது உள்ளே தள்ளினாத்தான் நத்தை ஓடு மாதிரி இருக்கிற எடத்துல தண்ணி அலையும், நரம்புக்குச் செய்தி போகும். இவங்களுக்கு அந்த நொய் ஆடாம இறுகிப்போச்சு. பிள்ளை பெத்த பிறகு சில பேருக்கு இது அதிகமாகும். எலும்பு வழியா கேக்கறதால அவங்க குரல் அவங்களுக்குள்ளயே பெரிசாக் கேக்கும். அதான் மெதுவாப் பேசறாங்க."

"மில்லுல மட்டும் எப்படிக் கேக்குது?"

"மில்லுல நீங்கள்லாம் எப்படிப் பேசறீங்க? கத்தித்தானே? மில்லு சத்தம் இவங்களுக்குப் பாதிதான் விழும், உங்க கத்தல் நல்லா விழும். வீட்டுக்கு வந்தா நீங்க குரலை எறக்கிடுவீங்க. நடிப்பெல்லாம் இல்லைங்க. ஆபரேஷன் பண்ணா கேக்கும். நீங்க கையெழுத்துப் போடணும்."

அப்பா படம் போட்ட சீட்டை டாக்டரம்மா பக்கமே தள்ளி வைத்தார். பிறகு, "மில்லுலதான் கேக்குதே டாக்டர். அது போதும். ஆபரேஷன்லாம் வேணாம்" என்றார்.

டாக்டரம்மா அவரையே பார்த்தார். தன் கையிலிருந்த கீ கொடுக்கும் வாட்சைக் கழற்றி அப்பாவின் காதோரம் பிடித்தார். "கேக்குதா?"

"நின்னு போயிருக்கு டாக்டர்."

"ஓடுதுப்பா" என்றேன் நான், மேஜைக்கு இந்தப் பக்கத்திலிருந்து. எனக்கு டிக் டிக்கென்று தெளிவாகக் கேட்டது. அப்பா வாட்சை வாங்கி முள்ளைப் பார்த்தார். மறுபடி காதில் வைத்தார். மறுபடி பார்த்தார்.

"அந்த நத்தைக்குள்ள மெல்லிசா ரோமம் மாதிரி இருக்கும்" என்றார் டாக்டரம்மா. "வருஷக்கணக்கா எரைச்சல்ல நின்னா அது சாஞ்சுடும், மறுபடி முளைக்காது. கீச்சுக் குரல், சன்னமான சத்தம்தான் முதல்ல போகும். உங்களுக்கு நான் செய்யக் கூடியது ஒண்ணுமில்ல. உங்க சம்சாரத்துக்கு இருக்கு."

அப்பா கையெழுத்துப் போட்டார். போன மாதம் அடையாறில் என் கையில் கொடுத்த ரிப்போர்ட்டிலும் இதுதான் இருக்கிறது. அப்பாவின் காது.

மாடி வீட்டு அக்காவைப் பல வருஷம் கழித்து ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். தூளி முறுக்கிய அந்த மதியத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. "உங்கப்பா எங்க தூங்கினாரு? நான் ஓடி வரும்போது பேப்பரைப் புரட்டிக்கிட்டுத்தான் இருந்தாரு" என்றாள். அவருக்கும் அந்தக் கீச்சுக் குரல் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பது அவருக்கே தெரியாது. அந்த வீட்டில் இரண்டு பேருக்குக் கேட்கவில்லை, தண்டனை ஒருத்திக்கு. இதைச் சொல்லிச் சண்டை போட அப்பா அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

ஆபரேஷனுக்கு நாள் கிடைக்க இரண்டு மாதம் ஆயிற்று. மயக்க மருந்து இல்லாமல், காதை மட்டும் மரத்துப்போகச் செய்து பண்ணினார்கள். மேஜையில் படுத்திருக்கும்போதே டாக்டரம்மா குரலை இறக்கி, "கேக்குதாம்மா?" என்றாராம். கேட்டதாம். ஒரு வாரம் தலைசுற்றலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பஞ்சை எடுத்த பிறகு, தன் கண்ணாடி வளையல் சத்தத்துக்கே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மில் இரைச்சல் அவளுக்கு இப்போது தாங்கவில்லை. "நல்லா இருந்தவளைக் கெடுத்துட்டாங்க" என்று முனகிவிட்டு அப்பா தராசில் வேறு ஆளைப் போட்டார்.

அத்தை தம்பியைக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் விட்டார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "வெச்சுக்கோ" என்றார், அவ்வளவுதான். தம்பி அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அத்தையிடம் கையை நீட்டி அழுதான். அந்த அழுகை அம்மாவுக்கு முழுதாகக் கேட்டது. அவன் அவளிடம் ஒட்ட ஒரு வருஷம் ஆயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மில் விடுமுறை. முற்றத்தில் அம்மா எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். நான் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். வீடு அமைதியாக இருந்தது.

"கண்ணு" என்றாள். "அன்னிக்குக் கூடத்துல அப்பா உன்னை என்னமோ கேட்டாரு. நீ ஒரே ஒரு வார்த்தை சொன்னே. உன் வாயைத்தான் பாத்தேன், புரியல. அதுக்கப்புறம்தான் தம்பியைத் தூக்கிட்டாங்க. என்ன சொன்னே?"

என் வாய் அவளுக்குத் தெரியாது, அவள் முகம் எனக்குத் தெரியாது.

"கேக்கலன்னு சொன்னேம்மா" என்றேன். எனக்கே கேட்காத அளவுக்குத்தான் சொன்னேன்.

சீப்பு நின்றது. பிறகு அம்மா பின்னாலிருந்து என் தலையை இரண்டு கையாலும் இழுத்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அவள் உடம்பு குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து திரும்பினேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோ மெதுவா சொல்றே! திரும்பிப் பாக்காமலே கேட்டுடுச்சுடி எனக்கு!"